அரை நாள் வேலை

நெடுஞ்சாலை அகலமாகிறது என்று
கில்க்ரிஸ்ட் வீட்டை நகர்த்தினோம்.
பீட்டர்பரோவுக்கு வடக்கே, ஏரிப் பக்கம்.
முழு முழு மரமாய் அடுக்கி
இடுக்கில் களிமண்ணும் சுண்ணாம்பும் அப்பிய வீடு.
ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தகரத் துண்டு:
வடக்கு மூன்று, கிழக்கு ஒன்பது.
பிரித்து, லாரியில் ஏற்றி,
எண்ணூறு மீட்டர் தள்ளி
மறுபடி அடுக்கினால் வீடு.

கல்லறைகளை நகர்த்தவில்லை.
அதற்கு வேறு சட்டம், வேறு இலாகா,
கையெழுத்துப் போட வேண்டிய வாரிசுகளில்
ஒருத்தர் வான்கூவரில், ஒருத்தர் நியூசிலாந்தில்.
பதினோரு கற்களும் சாலைக்கு அந்தப் பக்கமே
புது வேலிக்குள் நின்றன.
முன்பு கதவைத் திறந்தால் கல்லறை.
இப்போது
கார் நிறுத்துமிடம்.

வலப்பக்க நிலைக்காலை நட்டவன் நான்.
அக்டோபர் கடைசி வெள்ளி, தூறல்,
விரல் விறைத்துவிட்டது,
கிரேன்காரன் மணியைக் காட்டிக் கத்துகிறான்.
தகரத்தில் எண்ணைப் பார்த்தேன்.
மேல் எது கீழ் எது என்று பார்க்கவில்லை.
தாழ்ப்பாள் துளை பொருந்தாதபோதும்
பழைய மரம், முறுக்கியிருக்கும் என்று
வேறு துளை போட்டேன்.

திங்கள் காலை
வெயில் சாய்ந்து விழுந்ததில் தெரிந்தது.
கத்தி வெட்டுகள்.
பிள்ளைகளைச் சாய்த்து நிறுத்தி
உச்சந்தலையில் கத்தியை வைத்து
யாரோ வருஷா வருஷம் கீறியிருக்கிறார்கள்.
எல்லாம் தலைகீழ்.
தோளுக்கு வளர்ந்த டங்கன்
என் முழங்காலுக்குக் கீழே.
ஜேனட் அவனுக்கு ஒரு சாண் மேலே.
எல்லோரையும் தாண்டி, என் நெஞ்சுயரத்தில்,
'ஈ' என்ற எழுத்தருகில்
ஒரே ஒரு வெட்டு.

சாப்பாட்டு நேரத்தில்
லாரிகள் ஓயக் காத்திருந்து சாலையைக் கடந்தேன்.
ஓரத்தில் ஒரு கல், என் பூட்ஸ் நீளம்.
தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தேன்.
ஈரத்தில் எழுத்து எழுந்தது:
யூஃபீமியா. ஒரு வயது, ஏழு மாதம்.
நிற்கப் பழகி எத்தனை நாளோ.

வரலாற்றுக் குழுவின் திருமதி பெட்டிக்ரூ
நிலைக்காலை விரலால் தடவி
"ஆணித் தடங்களா?" என்றார்.
"இருக்கலாம்" என்றேன்.

கழற்றித் திருப்பி நட
அரை நாள் வேலை.
நேராக்கினால் அவள் மறுபடி
என் தொடையளவு.
இத்தனை காலம் எல்லோருக்கும் கீழே நின்றவள்
இந்த ஒரு குளிர்காலம்
அண்ணனைக் குனிந்து பார்க்கட்டும்
என்று சொல்லிக்கொள்கிறேன்.
கடைசித் தவணைக் காசோலை
இன்னும் வரவில்லை என்பதும் உண்டு.

நேற்றுப் பனி கொட்டியது.
அந்தக் கல் மூடியிருக்கும்.
கடப்பாரை
வண்டியில்தான் கிடக்கிறது.