கியூ என்று தொடங்கும் எண்

பெட்டி பெட்டியாய் வந்து இறங்கியது.
"சமையலறை அலமாரியா?" என்றான் லாரிக்காரன்.
கார் என்றேன்.
கிடர்மின்ஸ்டர் மழையில் அவன் சிரித்தது
சந்தின் கடைசி வரை கேட்டது.

பதினான்காம் எண் கொட்டகை, மாதம் அறுபது பவுண்டு.
பகலெல்லாம் ஆஸ்பத்திரியில்
பிறர் எலும்புகளைப் படமெடுப்பேன்.
இருட்டியதும் இந்த எலும்புக்கூடு.
எஞ்சின், அடிபட்டுச் செத்த ஒரு மாஸ்டாவுடையது.
பின் அச்சு யாருடையதோ;
ஸ்டோர்பிரிட்ஜில் இரும்புக் கடைக்காரர்
வெங்காயம் நிறுப்பதுபோல் நிறுத்துக் கொடுத்தார்.

பக்கத்துக் கொட்டகையில் தூண்டிலும் புழுவும் வைத்திருந்த டெஸ்மண்ட்
ஒருநாள் என் கையேட்டைப் புரட்டி
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் படம்
தலைகீழாய் அச்சாகியிருக்கிறது என்றான்.
இரண்டு வாரமாய் என் பிரேக் குழாயும்
அப்படித்தான் இருந்தது.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.
கையேடு எழுதியவனுக்கு என்னைத் தெரியாது.
பெடல் பலகையை அறுத்தேன், பற்றவைத்தேன்.
நான்கு அங்குலம்
என்னை நோக்கி வந்தன பெடல்கள்.

சோதனை நாளில் ஆய்வாளர்
ஒரு பந்தை எடுத்து வண்டிமேல் உருட்டினார்.
பந்து தொடும் இடத்தில் எதுவும் கூராக இருக்கக் கூடாதாம்.
விளிம்புக்கெல்லாம் இரண்டரை மில்லிமீட்டர் வளைவு வேண்டும்.
பதினேழு குற்றம்.
பதினெட்டாவதாக என் முகத்தையும் எழுதியிருப்பார்.

மறுமுறை
நட்டுகளுக்கு பிளாஸ்டிக் தொப்பி, ஓரங்களுக்கு ரப்பர்,
கண்ணாடிகளுக்குப் புதுக் கழுத்து.
தேறியது.
வீடு வந்ததும் அத்தனையையும் உருவிப் போட்டேன்,
பெண் பார்க்க வந்தவர்கள் படியிறங்கியதும்
பட்டுப்புடவையை உருவியெறிந்ததுபோல்.

ஸ்வான்சீயிலிருந்து கடிதம் வந்தது.
பல வண்டிகளின் பாகம், வயது தெரியவில்லை,
ஆகவே கியூ.
டெஸ்மண்ட் துக்கம் விசாரிக்கிற குரலில்
"விலை போகாதே" என்றான்.
விருதுநகரில் என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று
தலைமையாசிரியர் யோசிக்காமல் ஒரு ஜூன் தேதியைப் போட்டார்;
இன்றுவரை எல்லா அலுவலகமும் அன்றைக்குத்தான்
எனக்கு வாழ்த்துச் சொல்கிறது.
ஸ்வான்சீ பரவாயில்லை.
தெரியாததைத் தெரியாது என்று எழுதியது.

மூன்று கோடை ஓட்டினேன்.
கிளீ மலை ஏற்றத்தில் ஒருமுறை
ஆட்டுக்கு வழிவிட்டு நின்றபோது
என் முகம் ஆட்டின் முகத்துக்கும் கீழே இருந்தது.

பிறகு வலது தோள்.
சவ்வு கிழிந்த படத்தை
உடன் வேலை பார்ப்பவள் திரையில் திருப்பிக் காட்டினாள்.
பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி.
அவளுக்கு விளக்கத் தேவையில்லை, எனக்கும்.

முதலில் வந்தவன் எண்பலகையை மட்டும் பார்த்தான்:
கியூ என்றால் ஆயிரத்தைந்நூறு குறை.
இரண்டாமவனின் முழங்கால் ஸ்டீயரிங்கில் சிக்கி
நானும் அவன் மனைவியும் இழுத்து எடுத்தோம்.
மூன்றாவது கிளெனிஸ்,
லெம்ஸ்டரில் பல் பிடுங்கி ஓய்வு பெற்றவள்.
பக்கவாட்டில் கால் போட்டு
பழகிய செருப்புக்குள் போல நுழைந்தாள்.
பாதம் பெடலைத் தொட்டது.
நிமிர்ந்து பார்த்தாள்.
"இதை யார் நகர்த்தியது?"
நான் என்றேன்.
அதற்குப்பின் பேரம் பேசவில்லை,
ஜாக்கியை மட்டும் சேர்த்துக் கேட்டாள்.

பதிவுத் தாளின் முகப்பில் அச்சிட்டிருக்கிறது:
இது உரிமைக்குச் சான்று அல்ல.
இத்தனை நாளும் நான்
வைத்திருந்தவள் மட்டும்தான்.
பச்சைத் துண்டைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன்.
இடது கையால் கிழித்ததில் கோணலாய்ப் போனது.

சந்து திரும்பி
பியூட்லி சாலை மேட்டில் ஏறும் சத்தம்.
இரண்டாம் கியர்.
இன்னும் இரண்டாம் கியர்.
மாற்று, கிளெனிஸ்,
மாற்று.