பொட்டலம் நான்கு

செல்லூர் மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சின்
ஊசியை இடுக்கியால் பிடுங்கினேன்.
உள்ளே கடுங்காப்பி, இரண்டு மில்லி.
அமுக்கினால் உள்ளங்கைப் பஞ்சில் வடியும்.
பொட்டலத்தில் குளுக்கோஸ்.

நாடகச் சாமான்கள் என் பொறுப்பு.
நோட்டில் இருக்கும்:
சிரிஞ்சு ஒன்று, ரப்பர் குழாய் ஒன்று, பொட்டலம் நான்கு.
காட்சி முடிந்ததும் எண்ணி வாங்குவேன்.

ஒத்திகையில் பிரிட்டோவின் கையில்
குழாயைக் கட்டினேன்.
"இங்க இல்லக்கா."
அவிழ்த்துத் தானே கட்டிக்கொண்டான்,
குனிந்து பார்க்கக்கூட இல்லை.
டைரக்டர் கைதட்டினார்:
"எங்கடா கத்துக்கிட்ட?"
பிரிட்டோ
சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

ராத்திரி யானைக்கல் பாலத்தில்
வண்டியை நிறுத்தச் சொன்னான்.
கீழே ஆற்றுக்குள் யாரோ
கழுதையைத் தேடி விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.
வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றான்.
"பொட்டலத்துல வெள்ளையா எதுவும் வேணாங்க்கா."

பொரிகடலையை வறுத்து அரைத்தேன்,
சீனி கொஞ்சம், ஏலக்காய் ஒன்று.
நீல விளக்கில் எல்லா மாவும் வெள்ளைதான்.

அரங்கேற்றத்தன்று
மூன்றாம் வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.
பிரிட்டோ சரிந்தான். கண் செருகியது.
கைதட்டல் வரச் சற்று நேரமானது.

இருட்டில் படுதாவுக்குப் பின்னால் வந்து
ஒவ்வொன்றாக என் கையில் வைத்தான்.
சிரிஞ்சு ஒன்று.
குழாய் ஒன்று.
பொட்டலம் மூன்று.

டார்ச்சை அவன் முகத்துக்கு உயர்த்தினேன்.
என் கைதான் நடுங்கியது.

மீசையெல்லாம் மாவு.
"பசிச்சிருச்சுக்கா" என்றான்.