எண்ணிக்கைக்காரி

விடிய ஐந்தேகாலுக்கு
கொழும்பு மெயில் வந்து முட்டி நிற்கும்.
இதற்கப்பால் தண்டவாளம் இல்லை.
தடுப்புக்கட்டை, கொஞ்சம் கண்டல்,
மறுகா வாவி.

என் கையில் ஒரு சின்னப் பொறி.
பெருவிரலால் அமுக்கினால் டிக், ஓர் ஆள்.
மடியில் படிவம்.
நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, மூன்று நாள்.
போன வருடமும் இதே வேலைதான்,
சதுக்கம் கட்ட முதல்.
அப்போது இங்கே சேறு,
யாரோ விட்டுப்போன கொங்கிறீட் குழாய்,
அதற்குள் குட்டி போட்ட நாய்.

இப்போது இன்டர்லொக் கல்.
பதினாறு விளக்குக் கம்பம்.
வட்டமாய்க் கருங்கல் இருக்கை,
நடுவில் நிழல் போட இன்னும் பழகாத
மூன்று வேப்பங்கன்று.

துஷ்யந்தன் சேர் சொன்னார்:
"வாறாக்கள எண்ணத் தேவல்ல புள்ள,
நிக்கிறாக்கள எண்ணு.
அஞ்சு நிமிசத்துக்கு மேல ஆர் நிண்டாலும்
அது வளர்ச்சி."

வாழைச்சேனை பஸ்ஸுக்கு நிற்கும்
தாதியர் பயிற்சிக்காரிகள் இருவர்,
இரவு ஏழு தாண்டியும் சிரித்தபடி.
டிக், டிக்.
போன வருடம் மைமலுக்கு முதலே
தகப்பன்மார் சைக்கிளில் ஏற்றிப் போனார்கள்.
இதில் பொய் சொல்ல மாட்டேன்,
வெளிச்சம் நல்லது.

புதிய விடுதி வாசலில்
ஏறாவூர்ப் பொடியன், கழுத்துப்பட்டி இறுக,
வெள்ளைக்காரியின் பையை வாங்குகிறான்.
டிக்.
மாசம் முப்பத்தெட்டாயிரம் அவனுக்கு.
அவன் மாமா உதுமாலெவ்வையின் தேத்தண்ணிக் கடை
அந்த விடுதி நிற்கும் இடத்தில்தான் இருந்தது.
இப்போது பேக்கரிக்குப் பின்னால், கானோரம்.
"யாவாரம் ரெண்டு மடங்கு,
வாடகை மூணு மடங்கு,
நீயே கணக்குப் பாரு மகள்."
என் பொறிக்குக் கூட்டத்தான் தெரியும்.

இளநீர்க்காரனுக்கு அனுமதிச் சீட்டு இல்லை.
நான்கு நிமிடம் ஐம்பது செக்கனில்
வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிடுகிறான்,
பத்தடி. பிறகும் பத்தடி.
அவனை எந்தப் பெட்டியில் போடுவது?

மூன்றாம் நாள்
வாவிப் பக்கமிருந்து சாய்ந்து வந்தது மழை.
இருக்கையில் ஒருவரும் இல்லை.
விளக்கடியில் ஒருவரும் இல்லை.
ரயிலால் இறங்கிய சனம், பொதி, குழந்தை,
நேர்முகப் பரீட்சைக் கோப்பை
நெஞ்சோடு அணைத்த ஒருத்தி,
எல்லாரும் ஓடியது
பார்த்தலட்டின் வெல்டிங் கடைத் தாழ்வாரத்துக்கு.
தகரக் கூரை.
சுவரில் சிவப்பு மையில்: அகற்றுக, 14.

பார்த்தலட் நெருப்புப் பூவை அணைத்தார்,
முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார்,
பாதி ஒட்டிய கேற் ஒன்றைச் சுவரோடு சாய்த்து
இடம் விட்டார்.
உதுமாலெவ்வை கேத்திலோடு வந்தார்.
இளநீர் வண்டியும் உள்ளே.
யாரோ யாருக்கோ
செங்கலடியில் காணி விலை சொன்னார்.
கோப்புக்காரியிடம் ஒரு மனிசி,
"எங்கட அரிசி ஆலைக்கும் ஆள் தேடுறம்,
நம்பரைத் தா புள்ள" என்றாள்.
நாற்பது நிமிடம் பெய்தது.

டிக் டிக் என்று போய்
முப்பத்தொன்றில் நின்றது.
மூன்று நாளில் ஓரிடத்தில் கண்ட
ஆகக் கூடிய தொகை.

படிவத்தில்
இடம் ஒன்று இருக்கை,
இடம் இரண்டு விளக்கடி,
இடம் மூன்று விடுதி முன்றல்.
தாழ்வாரத்துக்கு இலக்கம் இல்லை.
வரைபடத்தில் அது ஏற்கெனவே புற்றரை.
ஓரத்தில் பேனையால் எழுதி வைத்தேன்.

துஷ்யந்தன் சேர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.
கோபிக்கவில்லை.
"இப்பிடி விட ஒண்ணா புள்ள" என்று
முப்பத்தொன்றையும் இடம் ஒன்றுக்கு மாற்றினார்.

இப்போது அறிக்கையில், பதினேழாம் பக்கம்,
கொட்டுகிற மழையில்
கருங்கல்லின் மேல்
முப்பத்தொரு பேர் குந்தியிருக்கிறார்கள்.
நாற்பது நிமிடமாக.
ஒருவரும் எழும்பவில்லை.