கரையில் மட்டும்

குளிர் செய்வது என் தொழில்.
வெளியே ஒட்டானியெமி விரிகுடாவில்
மைனஸ் இருபத்திரண்டு.
என் உருளைக்குள்ளிருந்து பார்த்தால்
அது கோடை.

பெயர் வெய்யோ. ஹீலியம் பார்க்கிறவன்.
குவாண்டம் எனக்குத் தெரியாது,
கசிவு தெரியும்.
பம்பின் மூச்சு அரைச்சுருதி பிசகினால்
நடைகூடத்தின் அந்தக் கோடியிலும்
காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவேன்.

சாய்மி கொண்டுவந்தாள் அதை:
ஒட்டுநாடாவால் உரித்து உரித்து
இனி உரிக்க ஏதுமில்லாத இடத்தில் நின்ற
ஒற்றை அடுக்கு டங்ஸ்டன் டெலுரைடு.
மூன்றே அணு கனம்.
காற்றுப் பட்டால் கெட்டுவிடுமாம்.
மேலும் கீழும் போரான் நைட்ரைடு போர்த்தி,
பழைய தபால்தலையை ஏந்துவதுபோல்
மூச்சடக்கி வந்தாள்.

"எங்கே ஓடுகிறது மின்சாரம்?" என்றேன்.
"நடுவில் இல்லை. கரையில் மட்டும்.
மேல்நோக்கிச் சுழல்வது ஒரு திசையில் போகும்,
கீழ்நோக்கிச் சுழல்வது எதிர்த்திசையில்.
வழியில் குப்பை கிடந்தாலும்
திரும்பி வராது."

மார்ச் கடைசியில் பார்த்திருக்கிறேன்:
கடல் நடுவே பனிப்பாளம் இன்னும் கார் தாங்கும்;
கரையோரம் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு
கறுப்புத் தண்ணீர் நகரத் தொடங்கியிருக்கும்.
சொன்னேன். சாய்மி சிரிக்கவில்லை.
"கிட்டத்தட்ட" என்றாள்.
அவள் வாயில் அது பெரிய பாராட்டு.

பிறகு கேட் வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றினாள்.
அரை கெல்வினுக்குச் சற்று மேலே
திரையில் கோடு
தயங்கியது, சரிந்தது,
பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.
தள்ளிக்கொள்ளவே பிறந்த எலக்ட்ரான்கள்
இரண்டிரண்டாய்க் கைகோத்து
நடுப்பனியெல்லாம் நதியாகி.
எதிலும் உரசாத நதி.

யாரும் கைதட்டவில்லை.
தனேலி கடித்த பன்னை மெல்ல மறந்திருந்தான்.
பம்பு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பதினொரு நாள் அளந்தார்கள்.
பன்னிரண்டாம் நாள் அதிகாலை
கம்பளிச் சட்டையோடு வந்த தனேலி
தரைக்கம்பியைத் தொட மறந்து
இணைப்புப் பெட்டியைத் தொட்டான்.
ஒரு சின்னச் சொடுக்கு.
எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க
கதவுக் கைப்பிடிகளில் கேட்கும் அதே சொடுக்கு.

பூஜ்யத்தில் கிடந்த தடை இப்போது
கருவிக்கே எட்டாத எண்.

சட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு
பனியனோடு உட்கார்ந்திருந்தான்.
சாய்மி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
அவர்கள் இருவரும் அக்டோபரிலிருந்து
பேசிக்கொள்வதில்லை.
நான் வாய் திறப்பதற்குள்
"உவமை வேண்டாம், வெய்யோ" என்றாள்.
சரி.

சூடேற இரண்டு நாள் ஆகும்.
விலை கேட்டால் தலைசுற்றும் அந்த வாயுவை
ஒரு மூச்சும் தப்பவிடாமல்
கலத்துக்குத் திருப்பினேன்.
அளவுமானி ஏறிக்கொண்டிருந்தபோது
மேல்மாடியில்
ஒட்டுநாடா கிழியும் சத்தம்.

மறுபடி.