லேபிளின் பின்பக்கம்

எட்டு அணியில் ஆறாவதாக முடிந்தது எங்கள் சீசன்.
ஆனாலும் விருது உண்டுங்க என்று
தேங்காய் பன்னை அறுத்துக்கொண்டே
அறிவித்துவிட்டார் பேக்கரி குப்புராஜ்.

மங்கலம் ரோடு யுனைடெட்டுக்கு
ரசிகர்கள் மொத்தம் நாற்பத்து மூன்று பேர்.
மழை பெய்தால் பதினொன்று.

ஓட்டுச் சீட்டு என் பொறுப்பு.
லேபிள் செக்சனில் வேலை எனக்கு.
ஒரே ஒரு எழுத்து தப்பிப்போனதற்காக
இத்தாலிக்காரன் வேண்டாமென்ற சாட்டின் லேபிள்
மூட்டையாகக் கிடந்தது.
முன்பக்கம் தண்ணீர்த் தொட்டி, முக்கோணம்,
குறுக்கே கோடு போட்ட இஸ்திரிப் பெட்டி.
பின்பக்கம் வெறும் வெள்ளை.
போதாதா?

நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியில்
கத்தரியால் ஒரு கீறல் போட்டு
டீ பாய்லருக்குப் பக்கத்தில் வைத்தோம்.
சம்பளத்துக்கு மறுநாள் ஞாயிறு
பொழுதோட வந்தார்கள் எல்லோரும்.
ஓவர்லாக் மாஸ்டர், காஜா பையன்கள்,
சாயப்பட்டறை நீலம் நகக்கண்ணில் போகாத இரண்டு பேர்,
கைக்குழந்தையோடு செக்கிங் பழனாத்தாள்.
குழந்தைக்கும் ஒரு சீட்டு கேட்டாள்.
கொடுக்கவில்லை.

சிறந்த கோலில் சண்டையே வரவில்லை.
பல்லடத்தோடு ஆடிய அன்று
பாதி மைதானத்திலிருந்து லுன்மின் அடித்தது.
வீடியோ கிடையாது;
எடுத்துக்கொண்டிருந்தவனே
போனை மேலே வீசிவிட்டான் சந்தோசத்தில்.
லுன்மின் போன வாரம் மணிப்பூருக்கு ரயிலேறினான்.
திரும்புவானா என்பது
காண்ட்ராக்டருக்கே தெரியாது.
நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று.
ஒவ்வொரு சீட்டிலும் தூரம் மட்டும் வேறு வேறு:
முப்பதடி, அறுபதடி,
ஒருவர் கணக்கில் அவிநாசியிலிருந்தே அடித்திருக்கிறான்.

சிறந்த தடுப்பில்
கோல் கம்பத்துக்கு ஒன்பது ஓட்டு.
கோலி நாச்சிமுத்து டீயை ஊதிக்கொண்டே சொன்னான்:
"அதுக்கும் ஒரு கப்பு வாங்கிக் குடுத்துருங்க,
நானொன்னும் சொல்லலைங்."

அப்புறம் அந்த விருது:
மன்னிக்கவே முடியாத தவறல்.
சிரிக்கத்தான் வைத்தோம்.
பிரித்த முதல் சீட்டே
கடைசி ஆட்டத்துப் பெனால்டியை வானத்துக்கு அனுப்பிய
செங்காளியப்பனுக்கு.
எழுதியவர் செங்காளியப்பன்.
கீழே முழுக் கையெழுத்து,
பேங்கில் போடுவதைப் போல.
கடைக்குள் கிரைண்டர் மட்டும் ஓடியது.
குப்புராஜ் சீட்டை வாங்கி
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
"செல்லாது" என்றார்.
அந்த ஒரு ஓட்டில்தான்
விருது வேறொருவனுக்குப் போனது.
அவன் குதித்துக் கொண்டாடினான்,
அது ஏனென்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக, சிறந்த ரசிகர்.
தகர டின் தட்டும் ரங்கநாயகனுக்கு முப்பத்தைந்து.
மற்றவருக்கு உதிரியாக ஏழு.
அதில் துளசிமணிக்கு ஒன்று.
துளசிமணி நான்தான்.
இடது கையால் கோணலாக எழுதியிருந்தது,
ஆனாலும் என் எழுத்து
எனக்குத் தெரியாமல் போகுமா?
வேகமாக மடித்து அடியில் போட்டேன்.

மிச்சம் ஒரு சீட்டு.
மார்க்கிங் சாக்கட்டியில்,
ஒவ்வொரு எழுத்தும் குடை பிடித்தபடி, ஒடியாவில்.
செல்லாத கட்டில் வைக்கப் போனவள்
என்ன தோன்றியதோ
லெஃப்ட் பேக் ஜிபனிடம் நீட்டினேன்.
வாய்க்குள் படித்தான்.
மறுபடியும் படித்தான்.
"பேர் இல்லைக்கா. இப்படி இருக்கு:
நாங்க தோக்கும்போது
சோத்துக்கூடையை உதைச்சுக்கிட்டுக் கத்துற அக்கா."

யார் எழுதினதென்று கேட்டேன்.
ஒடியா பேசுகிறவர்கள் பதினாலு பேர்,
பதினாலு பேரும் பன் தின்றுகொண்டிருந்தார்கள்.

சீட்டைத் திருப்பினேன்.
முன்பக்கம் எல்லா லேபிளிலும் இருக்கிற படம்தான்,
முறுக்கிய துணி, மேலே பெருக்கல் குறி:
பிழியாதே.

பட்டியலில் என் பேருக்கு நேரே
இரண்டு என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் கழித்து
அதை அடித்துவிட்டு
ஒன்று என்று போட்டேன்.