மூலைக்கரைப்பட்டி, கொடைச் செவ்வாய்

பீடிக் கத்தரி விரலில் ஏறி
வந்திருக்கிறாள் சுயம்புக்கனி.
ரெண்டு தையல்தான்.
"வலிக்குமா டாக்டரய்யா?"

இதை யாரும் என்னிடம் கேட்டு
ஒன்றரை வருஷம்.
அங்கே கூடாரத்தில்
நெற்றியில் எண் எழுதுவேன்.
மூன்றாம் எண்ணுக்குத் தண்ணீர் மட்டும்.
மருந்து தீர்ந்தபின்
எல்லா எண்ணுக்கும் தண்ணீர்.

சுடலைமாடன் கோயிலில் வேட்டு.
மேஜைக்கடியில் இருக்கிறேன்.
கம்பவுண்டர் வேலாண்டி மெதுவாகக் குனிந்து
"பேனா கெடச்சிட்டா சார்?" என்கிறார்,
எப்போதும் போல.
"பேனா அவுக பையிலல்லா இருக்கு"
விரலைத் தூக்கிப் பிடித்தபடி
சொல்கிறாள் அவள்.

எழுந்து கைகழுவுகிறேன்.
மரத்துப்போகும் மருந்து
அலமாரியில் ஒரு பெட்டி முழுக்க.
இருந்தும் அரைக் குப்பிதான் உறிஞ்சுகிறேன்.
மிச்சத்தை, யாருக்கென்று தெரியாமல்,
பஞ்சு வைத்து மூடுகிறேன்.

"வெரசாப் போடுங்க சார்,
நனைச்ச எலை காஞ்சிரும்."