ஏழாவது கட்டம்

நாடுகாணிச் சாவடியில் வைகாசிக் கடைசியில் ஏறும் மழை
ஐப்பசி வரை இறங்காது.
பதிவேட்டுத் தாள் நமுத்து, வண்டி எண்கள்
ஒன்றின்மேல் ஒன்று ஊறிக் கிடக்கும்.
அப்படியொரு நாளில் ஊட்டியிலிருந்து படிவம் வந்தது:
'பயங்கரவாதத் தடுப்பு நடவடிக்கைகளை மேம்படுத்த
களப் பணியாளர் கருத்து.' எட்டுக் கட்டங்கள்.

கேமரா கேட்டேன். வழிக்கடவு ஏற்றத்தைப் பார்த்து ஒன்று,
பந்தலூர் பிரிவுக்கு ஒன்று.
வண்டிக்கடியில் நீட்டிப் பார்க்க
மூடுபனி ஒட்டாத கண்ணாடி கேட்டேன்.
கேரளக்காரர்களோடு ஒரே அலைவரிசையில் வாக்கிடாக்கி.
இப்போது மலைக்குக் கீழே இருப்பவனிடம் ஒரு வார்த்தை பேச
ஊட்டி, சென்னை, திருவனந்தபுரம் சுற்ற வேண்டும்.
ஆறு கட்டம் மளமளவென்று நிரம்பிவிட்டது.

ஏழாவது: 'தகவல் தாமதமானதற்கான காரணம்.'

போன ஆடியில், தேவாலா வழியில், சப்பாத்துக்கு அடியில்
வயர் சுற்றிய உர மூட்டை.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நனைந்திருந்தது,
அவ்வளவுதான் எங்கள் சாமர்த்தியம்.
முதலில் பார்த்தவள் தங்கபுஷ்பம்,
டான்டீ நான்காம் சரகத்துக் கொழுந்துக்காரி.
பார்த்தது திங்கள். சொன்னது வெள்ளி,
அதுவும் ரேஷன் கடைக்காரரிடம், பாமாயில் வாங்கும்போது.

'ஏம்மா எங்ககிட்ட வரல?' என்றேன்.
கூடையை இறக்காமலே நின்றாள்.
'வந்தேனே சார், ரெண்டு வருசத்துக்கு முந்தி.
எங்கப்பா பொறந்தது பதுளைன்னு சொன்னதுக்கு
நாலு மணி நேரம் நிக்க வச்சீங்க,
கைப்புள்ளயோட.'

பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
பெயர் இருந்தது. நேரம் இருந்தது.
'விசாரித்து அனுப்பப்பட்டார்' இருந்தது.
கையெழுத்து என்னுடையது.
முகம் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஏழாவது கட்டம் இரண்டு விரல் அகலம்.
'சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கி அடித்தேன்.
'பொதுமக்கள் ஒத்துழைப்பின்மை' என்று எழுதி
அதையும் அடித்தேன், தாள் கிழியும்வரை.
கடைசியில் நின்றது இதுதான்:
'நான்கு மணி நேரம். நாற்காலி இல்லை.
ம. இருதயசாமி, சிறப்பு உதவி ஆய்வாளர்.'

தையில் பதில். கேமரா இரண்டு, அனுமதி.
அலைவரிசை, பரிசீலனையில்.
நாற்காலிக்குக் கணக்குத் தலைப்பு இல்லை.

கூடலூர்ச் சந்தையில் நீல பிளாஸ்டிக்கில் ஒன்று
நானே வாங்கிப் போட்டேன், கூரைக்கு உள்பக்கமாக.
புதுக் கேமராவில் அது தெரிகிறது,
திரையின் இடது மூலையில்.
இதுவரை உட்கார்ந்தது ஒரு லாரி கிளீனர்,
அப்புறம் தினமும் ஒரு குரங்கு.

கொழுந்து வண்டி தாண்டும்போது
தங்கபுஷ்பம் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.
காலையில் ஈரம் துடைத்து வைக்கிறேன்.